வோட்கா குடித்தால் கதிர்வீச்சு போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் என்றாலே துப்பாக்கியும் ரத்தமும்தான், ஒட்டுமொத்தமாகத் தடை செய்யுங்கள் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் எதைப் பார்த்துவிட்டு எழுதினாரோ தெரியாது. நான் இப்போது விளையாடும் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயர் ‘ஸ்டாக்கர் 2’. உக்ரைனின் ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. செர்னோபில் அணுமின் நிலையத்தைச் சுற்றி மக்கள் வெளியேற்றப்பட்ட பகுதிதான் களம். 1986-இல் நான்காவது உலை வெடித்தது நிஜம். 2006-இல் இன்னொரு வெடிப்பு நடந்து அங்கே இயற்கையே குழம்பிப்போனது என்பது இவர்கள் கட்டிய கதை. அறுபது சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான அந்த நிலத்தில் எந்தத் திசையில் வேண்டுமானாலும் நடக்கலாம். என் மகனின் கணினியில் இதற்கு 160 ஜிபி இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. அவன் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம்.

நான் கல்பாக்கத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மீட்டரைப் பார்க்காமல் உள்ளே கால் வைக்காதே என்று புதிதாக வருகிற பையன்களிடம் தொண்டை வற்றக் கத்தியவன். கேமில் கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கவுண்டர் கருவி முதல் தடவை ‘டிக் டிக்’ என்றதும், என் விரல் தானாகப் பின்னால் நகரும் பட்டனுக்குப் போய்விட்டது. அந்தச் சத்தம் மெல்லக் கூடி, இரண்டடி விலகியதும் தணிவதை அவ்வளவு சரியாகச் செய்திருக்கிறார்கள். அங்கே நிற்கும் நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தது இதில் அப்படியே பலிக்கிறது.

கண்ணுக்கு எளிதில் தெரியாத ஆபத்துகளும் உண்டு. அதற்காகக் கையில் இரும்பு போல்ட்டு வைத்திருந்து, முன்னால் ஒன்றை வீசிப் பார்த்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். வானம் சிவந்தால் கூரை தேடி ஓட வேண்டும். பை கனத்தால் ஓட முடியாது. நல்ல விலை போகும் அபூர்வப் பொருள்களைத் தேடி எடுத்தால், அவற்றில் பெரும்பாலானவை நம் இடுப்பிலிருந்தபடியே கதிர்வீச்சை வீசுகின்றன! சுட்டுக்கொண்டே ஓடுகிறவன் இதில் தாங்க மாட்டான். துப்பாக்கியே நடுவில் சுடாமல் சிக்கிக்கொள்ளும்.

ஆனால் வோட்கா குடித்தால் கதிர்வீச்சு இறங்குகிறது என்று வைத்திருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். எந்த மதுவும் அதைச் செய்யாது. அயோடின் மாத்திரைகூடக் கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும், அவ்வளவுதான். கேமில் ஒரு மருந்து எடுத்ததும் கணக்கு மளமளவென இறங்கிவிடுகிறது. எங்களுக்கு மார்பில் குத்திய, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் காட்டிய அளவெல்லாம் வேலைக்காலம் முழுக்கப் பதிவேட்டில் கூடிக்கொண்டே போகும், குறையாது. இளைஞர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டு விளையாடட்டும்.

வெளியான புதிதில் கோளாறுகள் ஏராளம். ஆளே இல்லாத இடத்தில் முதுகுக்குப் பின்னால் எதிரிகள் திடீரென முளைப்பார்கள். பிறகு திருத்தங்கள் வந்து நிலைமை பரவாயில்லை. செய்தவர்களின் சூழலையும் நினைக்க வேண்டும். 2022 பிப்ரவரி 24-இல் போர் தொடங்கிய அன்றே ரஷ்யப் படை நிஜ செர்னோபில் நிலையத்தைப் பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தது. கேம் செய்த குழுவில் ஒரு பகுதியினர் செக் குடியரசின் பிராகா நகருக்குப் போய் வேலையைத் தொடர்ந்தனர். இந்த வரிசையின் முந்தைய கேம் ஒன்றில் பணியாற்றிய வொலோடிமிர் யெஷோவ் அதே ஆண்டு டிசம்பரில் கிழக்கு உக்ரைனின் பாக்முத் அருகே போரில் உயிரிழந்தார்.

சரி, வாசகர் சொன்னதில் ஒன்று நியாயம். இது சிறுவர்களுக்கானதல்ல. ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்றே முத்திரை குத்தியிருக்கிறார்கள். நம் வீடுகளில் எத்தனை பேர் அந்த முத்திரையைப் பார்க்கிறார்கள்? வெள்ளிக்கிழமை தோறும் சினிமாவுக்கு முழுப் பக்கம் ஒதுக்கும் நீங்கள், கேம்களுக்குக் கால் பத்தியாவது ஒதுக்கலாமே. எந்த வயதுக்கு, எந்த மாதிரிக் கணினி வேண்டும், என்ன விலை, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினால் பெற்றோருக்கு உதவும். எழுத ஆள் கிடைக்காவிட்டால் என் மகன் தயாராக இருக்கிறான். எழுத்துப்பிழைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

– ஓய்வு பெற்ற அணுமின் நிலைய ஊழியர், புதுப்பட்டினம்