வானப் படத்துல ரேடியோ புள்ளிகளையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

நான் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் டிஷ் ஃபிட்டிங் பண்றவன், உங்க பேப்பர்ல வர்ற வானப் படத்த எங்க தெருப் பசங்க வெட்டி வச்சுக்குவாங்க, ஆனா ஜூன் பொறந்தா இங்க ஒரே மூட்டம், ஒரு நட்சத்திரம் தெரியாது, படம் சும்மா கிடக்குது. மேகம் மறைக்கிறது கண்ணுக்குத்தானுங்க, வானத்துல இருக்கிறதுங்க அனுப்புற ரேடியோ அலை பெரும்பாலும் மேகத்த தாண்டி வந்துடும், பகல் வெளிச்சமும் அதுக்கு ஒரு பொருட்டில்ல. அதனால தேதியையும் மணியையும் நேர் பண்ணி சுத்துனா அப்போதைய வானத்த காட்டுற வட்டத் தட்டு இருக்கில்ல, அத ஞாயித்துக்கிழமை இணைப்புல கெட்டி பேப்பர்ல போட்டு, ரேடியோவுல பிரகாசமான, அதாவது ரேடியோ அலை பலமா வர்ற இடங்கள சிவப்புல குறிச்சுக் குடுங்க.

ஆன்லைன்ல வர்ற தட்டு பலதும் 40, 50 டிகிரி அட்சரேகைக்குப் போட்டது, தெக்கு வானம் நமக்குத் தெரியுற அளவு அதுல இருக்காது. நமக்கு 11 டிகிரிக்கு வேணும், மணி வட்டத்துல பகல் மணியும் கட்டாயம் வேணும்.

ஏன்னா இப்ப ஜூன் நடுவுல மத்தியானம் தலைக்கு மேல சூரியனுக்குப் பக்கத்துல இருக்கிறது ரிஷபத்துல உள்ள நண்டு நெபுலா, 1054ல சீனாக்காரங்க பாத்து எழுதி வச்ச நட்சத்திர வெடிப்போட மிச்சம். அதோட ரேடியோ அலை சூரியனச் சுத்தி இருக்கிற கொரோனாங்கிற வெளி வளிமண்டலம் வழியா வர்றப்ப எப்படி மாறுதுன்னு பாத்தே கொரோனாவ ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சாயங்காலம் கன்னியில எம்87 கேலக்ஸி எங்க ஊர் உச்சிய ஒட்டிப் போகும். நடுராத்திரி தெக்கால தனுசுல பால்வீதியோட மையம், கார்ல் ஜான்ஸ்கிங்கிற அமெரிக்க இன்ஜினியர் ஆண்டெனா இரைச்சலத் தேடிப் போயி 1933ல அறிவிச்சது அதத்தான். அன்னம் நட்சத்திரக் கூட்டத்துல சிக்னஸ் ஏங்கிற கேலக்ஸி, அப்புறம் காசியோப்பியா கூட்டத்துல காஸ் ஏங்கிற நட்சத்திர வெடிப்பு மிச்சம், ரேடியோவுல அவ்வளவு பிரகாசம், கண்ணால பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல.

வீட்டு டிஷ்ல இதுங்க சிக்காது, ஆனா சூரியன் சிக்கும். மார்ச்சுலயும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்குலயும் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால வர்ற சில நிமிஷம் டிவி படம் உடையுதே, அது சூரியனோட ரேடியோ இரைச்சல். கழட்டிப் போட்ட டிஷ்ல சிக்னல் அளக்குற ஃபைண்டர் மீட்டர் மாட்டி சூரியன் பக்கம் திருப்புனா முள்ளு ஏறும், பசங்களுக்கு இதவிட ஒரு நல்ல ஆரம்பம் கிடையாதுங்க. ஆனா சூரியன நேரா கண்ணால பாக்க விடவே கூடாது.

முடிஞ்சா தட்டோட பின்பக்கம் ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கியையும் வரைஞ்சு போடுங்க. 530 மீட்டர் நீளம், 1970லேர்ந்து இருக்கு. அந்த மலைச்சரிவு அந்த இடத்து அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 டிகிரி, சாஞ்சிருக்கு, அதனால தொலைநோக்கியோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா அமைஞ்சிருக்கு, அத ஒரே அச்சுல திருப்பியே ஒரு இடத்த மணிக்கணக்கா பின்தொடர்றாங்க. தட்டுக்கு நடுவுல குத்துற பின்னும் அந்த அச்சு காட்டுற வானத் துருவத்துலதான் நிக்குது, அத கையில வச்சு சுத்துற பையனுக்கு ஊட்டியில என்ன நடக்குதுன்னு தனியா விளக்கவே வேணாம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வாசகர்