மிஞ்சிய பெயிண்டை வாய்க்காலில் ஊற்றச் சொன்னது குறித்துப் புகார்

அனுப்புநர்:
டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி,
வெண்ணாற்றங்கரைக் கிராமம்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
வாகனப் பெயிண்ட் பிரிவு.

பொருள்: மிஞ்சிய பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட், அதை இறுகவைக்கும் ஹார்டனர், இளக்கும் தின்னர் ஆகியவற்றைத் திரும்பப் பெற மறுத்ததும், தவறான யோசனை சொன்னதும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். போன சித்திரையில் எங்கள் டிராக்டருக்குப் பெயிண்ட் அடித்தோம். அப்பா வாங்கிய வண்டி. என்ஜின் இன்றைக்கும் நன்றாக இழுக்கிறது, ஆனால் பானெட்டும் மட்கார்டும் துருப்பிடித்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. குறுவை உழவுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உங்கள் கம்பெனி சிவப்பு பியூ பெயிண்டை அடித்தோம். நிறம் நன்றாக வந்திருக்கிறது, பளபளப்பும் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் புகார் மிஞ்சிப்போன சரக்கைப் பற்றியது.

எங்கள் பெயிண்டர் தம்பி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு, ரெண்டரை லிட்டர் போதும்ணே" என்றார். டவுனில் உங்கள் டீலர் கடையில் இந்தச் சிவப்பு நாலு லிட்டர் டப்பாவில்தான் வரும் என்றார்கள். ஹார்டனர் ஒரு லிட்டர், தின்னர் ஐந்து லிட்டர் கேன், பிரைமர் ஒரு லிட்டர். எதையும் குறைத்துத் தர வழியில்லை, கம்பெனி பேக்கிங் அப்படி என்றார்கள். சரி என்று வாங்கி வந்தேன். வேலை முடிந்தபோது சிவப்பு ஒன்றே முக்கால் லிட்டர், ஹார்டனர் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, பிரைமர் அரை டப்பா, நல்ல தின்னர் இரண்டு லிட்டர் மிச்சம். பெயிண்ட் அடிக்கும் கன்னைக் கழுவிய அழுக்குத் தின்னர் வேறு ஒரு வாளி இருந்தது. எல்லாவற்றையும் மூடி மாட்டுக்கொட்டகை மூலையில் வைத்தோம். நான் செய்த முதல் தவறு அது. தவறு என்று அப்போது தெரியாது, தெரிவிக்க டப்பாவின் மேல் தமிழில் ஒரு வரியும் இல்லை.

வைகாசி கடைசியில் ஒரு நாள் மதியம் கொட்டகையில் 'டப்' என்று சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஹார்டனர் டப்பா உப்பி, மூடி தெறித்துக் கிடக்கிறது. உள்ளே இருந்தது சுவரிலும் வைக்கோலிலும் சிதறியிருந்தது. வேலைக்கு வரும் பெரியவர் பழைய துணியால் அதைத் துடைத்தார். சாயங்காலத்துக்குள் அவருக்குக் கை முழுக்க அரிப்பு, கண்ணில் எரிச்சல், இரவு மூச்சு இழுப்பு. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இப்போது நன்றாக இருக்கிறார்.

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதில் ஈரம் பட்டால் கரியமில வாயு கிளம்பும். ஈரக்காற்று உள்ளே போன டப்பாவை இறுக்கி மூடி வைத்தால் வாயு வெளியே போக வழியில்லாமல் டப்பா உப்பும். எங்கள் டெல்டாவில் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? ஐசோசயனேட் மூச்சுக்குழலையும் தாக்கும், ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும் என்றும் சொன்னார்கள். டப்பாவில் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல ஒரு மனித உருவம் போட்டிருக்கிறீர்கள். அதற்கு அர்த்தம் இதுதான் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெரியவருக்கு யார் சொல்வார்கள்?

அப்புறம்தான் உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தேன். மூன்று முறை செய்தேன். முதல் முறை பேசியவர், டீலரைக் கேளுங்கள் என்றார். இரண்டாவது முறை ஒரு பெண், "மண்ணுல குழி தோண்டிப் புதைச்சிடுங்க சார்" என்றார். மூன்றாவது முறை, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க எங்களிடம் ஏற்பாடு இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். டீலர் கடைக்கு நேரில் போனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்னது இது: "அண்ணே, இன்னும் பத்து நாள்ல வாய்க்கால்ல தண்ணி வந்துடும். வந்ததும் ஊத்தி விட்ருங்க. அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த வார்த்தைதான். அடித்துக்கொண்டு எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் மூன்று நாலு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கிருந்து வெண்ணாற்றில் விட்டால் நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்புக்கு வந்து, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும். அதற்குக் கீழே கிளை வாய்க்கால், அதற்கும் கீழே வயலுக்கு வயல் பாயும் சின்ன வாய்க்கால். என் வீட்டுப் பின்னால் ஓடுவது அந்தச் சின்ன வாய்க்கால். அதில் ஊற்றியது முதலில் போவது பக்கத்து வீட்டு அக்காவின் நாற்றங்காலுக்கு. முதல் தண்ணீருக்காகத்தான் எல்லோரும் விதைநெல்லை ஊறவைத்துக் காத்திருக்கிறோம். மாடு குடிப்பது அந்தத் தண்ணீர், பிள்ளைகள் குதித்து விளையாடுவது அந்தத் தண்ணீர். குறவையும் கெளுத்தியும் ஏறி வருவதும் அதில்தான். வயலில் நின்று வடிந்த மிச்சம் வடிகாலில் இறங்கி மறுபடி ஆற்றில் சேரும். கோரையாறும் பாமணியாறும் கடைசியில் போய்ச் சேருவது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில். இதில் எந்த இடத்தில் ஒரு பொருள் 'போய்விடுகிறது'? அடுத்தவர் வயலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

டெல்டாவில் தண்ணீரை ஒருவர் பயன்படுத்திவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். கடைமடைக்காரர்கள் ஏற்கெனவே தண்ணீர் வரவில்லை என்று வருஷா வருஷம் சாலையில் உட்காருகிறார்கள். வருகிற கொஞ்சத் தண்ணீரிலும் தின்னரைக் கலந்து அனுப்பச் சொல்கிறீர்களா? தமிழ்நாடு அரசு 2020இல் இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்று நாங்கள் பல வருஷம் போராடிய பிறகு வந்த சட்டம் அது. அப்படிப்பட்ட ஊரில் ஒவ்வொரு பட்டறைக்காரரும் ஒவ்வொரு வாளித் தின்னரை வாய்க்காலில் ஊற்றினால் அந்தச் சட்டத்துக்கு என்ன மதிப்பு?

புதைக்கச் சொன்ன யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் கொல்லையில் இரண்டடி தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறும். அதே கொல்லையில்தான் அடிபம்பு இருக்கிறது. தின்னரைப் புதைப்பதும் அடிபம்பில் ஊற்றுவதும் எங்களுக்கு ஒன்றுதான். எரித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தின்னரில் இருக்கும் டொலுயீன் 4 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். இந்த வெயிலில், வைக்கோல்போர் பக்கத்தில் அதைக் கொளுத்துவதா? பியூ எரிந்தால் வரும் புகையில் சயனைடு வாயுவும் இருக்கும்.

ஊராட்சியில் குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலர் அம்மாவிடம் டப்பாக்களைக் காட்டினேன். "இத வாங்கி நான் எங்க கொண்டு போயிக் கொட்டுறதுண்ணே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குப்பையைக் கையால் பிரிப்பவர் அவர். அந்தப் பெரியவருக்கு நடந்தது இவருக்கும் நடக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் வீட்டு அபாயக் கழிவு எது என்று சொன்ன இடத்தில் முதலில் நின்றதே பெயிண்ட் டப்பாதான். நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்றும் அந்த விதிகளில் இருந்தது. எங்கள் கிராமத்துப் பக்கம் அப்படி ஒரு மையத்தை நான் பார்த்ததில்லை. அதை உள்ளாட்சியிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அழுக்குத் தின்னரை இறுக்கமாக மூடிய தகர டப்பாவில் ஆடாமல் வைத்தோம். ஒரு வாரத்தில் கசடு அடியில் தங்கி மேலே தெளிந்துவிட்டது. தெளிந்ததைப் பெயிண்டர் தம்பி அடுத்த வேலையில் கன் கழுவ எடுத்துக்கொண்டார். பிரைமரை மோட்டார் கொட்டகைக் கதவுக்கும் டிப்பர் அடிப்பக்கத்துக்கும் அடித்துத் தீர்த்தோம். நல்ல தின்னரை ஒரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். சிவப்புதான் மாட்டிக்கொண்டது. அதோடு ஹார்டனரை அளவாகக் கலந்து, பழைய தகரத்தின் மேல் மெல்லிசாகப் பரப்பி இறுகவிட்டால், திரவமாகக் கிடப்பதைவிட ஆபத்து எவ்வளவோ குறைவு. மொத்தமாக ஒரே டப்பாவில் கலந்தால் சூடேறிப் புகையும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும். இதெல்லாம் பெயிண்டர் சொன்னது, கம்பெனி சொன்னது அல்ல.

ஆனால் என் ஹார்டனர்தான் வெடித்துவிட்டதே. பெயிண்ட் நாலுக்கு ஹார்டனர் ஒன்று என்பது உங்கள் கலவைக் கணக்கு. மிச்சமிருக்கும் ஒன்றே முக்கால் லிட்டருக்கு 440 மில்லி ஹார்டனர் போதும். கடையில் ஒரு லிட்டர்தான் கிடைக்கும். வாங்கினால் 560 மில்லி மறுபடி மிஞ்சும், அது மறுபடி உப்பும். ஒன்றைத் தீர்க்க வாங்குவது இன்னொன்றை மிச்சம் வைக்கிறது. இந்தக் கணக்கை உங்கள் பேக்கிங் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்தால் 200 மில்லியில் ஹார்டனரும் அரை லிட்டரில் கலரும் எப்போதோ வந்திருக்கும்.

திரும்ப எடுக்க ஏற்பாடு இல்லை என்கிறீர்கள். டிராக்டர் பேட்டரி செத்துப்போனால் கடையில் பழையதை வாங்கிக்கொண்டு புதியதன் விலையில் கழிக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலேயே வைத்திருக்கின்றன. டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. காலிப் பாட்டிலுக்கு முடிந்தது ஹார்டனர் டப்பாவுக்கு முடியாதா? உங்கள் சரக்கு வண்டி டவுனுக்கு நிறைந்து வந்து காலியாகத் திரும்புகிறது. டீலர் கடையில் ஒரு மூடிய பீப்பாய் வைத்து, மிஞ்சியதையும் கசடையும் அந்த வண்டியில் ஏற்றிப் போனால், அபாயக் கழிவைச் சுத்திகரிக்கும் கும்மிடிப்பூண்டி நிலையத்துக்கு அனுப்புவது ஒரு கம்பெனிக்குச் சாத்தியம். நீடாமங்கலத்தில் இருந்து ஒன்றே முக்கால் லிட்டரைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு நான் எப்படிப் போவேன்?

இன்னொன்றும் எனக்குத் தெரிய வேண்டும். வீட்டுப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. வண்டிப் பெயிண்ட் அந்த விதியில் வரவில்லை. அப்படியானால் நான் வாங்கிய சிவப்பில் ஈயம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு? எங்கள் பக்கம் காலி டப்பாவைத் தூக்கிப் போடும் பழக்கம் கிடையாது. கழுவி, கைப்பிடிக் கம்பி போட்டு, மாட்டுக்குத் தவிடு அள்ள, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொள்வார்கள். அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்த வீட்டுக்காரர்களுக்கு உண்டு.

நான் பணம் கேட்கவில்லை, பெரியவரின் ஆஸ்பத்திரிச் செலவைக்கூடக் கேட்கவில்லை. வாய்க்காலில் ஊற்று, மண்ணில் புதை என்று இனி யாரும் சொல்லக் கூடாது என்று உங்கள் போன் ஊழியர்களுக்கும் டீலர்களுக்கும் எழுத்தில் உத்தரவு அனுப்புங்கள், அதன் நகல் ஒன்று எனக்கும் வேண்டும். ஹார்டனர் டப்பா மேல் நல்ல பெரிய எழுத்தில், தமிழில், ஈரம் படாமல் வைப்பது எப்படி, உப்பினால் என்ன செய்வது, மிஞ்சினால் யாரிடம் கொடுப்பது என்று அச்சடியுங்கள். சின்ன பேக்கிங்கும் திரும்ப எடுக்கும் ஏற்பாடும் எப்போது வரும் என்று தேதி சொல்லுங்கள். ஈயம் பற்றிய கேள்விக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் இதே கடிதத்தை ரசீதுகளோடு அனுப்புவேன்.

சிவப்பு டப்பாவும், அழுக்குத் தின்னரின் கசடும், வெடித்த ஹார்டனர் டப்பாவும், அதைத் துடைத்த துணியும் இப்போது மோட்டார் கொட்டகையில் உயரமான பலகை மேல், மணல் கொட்டிய மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. ஐப்பசி மழையில் அந்தக் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறும். அதற்குள் எந்த நாளில், எந்தக் கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள். வண்டியில் ஏற்றி நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பெயிண்ட், ஹார்டனர், தின்னர், பிரைமர் வாங்கிய ரசீது நகல், உப்பிய டப்பாவின் படம், மருத்துவச் சீட்டு நகல்.