சர்க்கரை நோய்ப் புத்தகமும் லட்டுப் படமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பிதழில் சர்க்கரை நோய் பற்றிய ஒரு புதுப் புத்தகத்தை அறிமுகப்படுத்தி, அதன் அட்டைப்படத்தையும் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். தட்டு நிறைய லட்டு, ஜிலேபி. அதன் மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு. புத்தகத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதில் டைப் 1 என்ற வகையைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறதாம், சந்தோஷம். அந்த அட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட் போடுவது என் வேலை. மருத்துவப் புத்தக அட்டைகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. சர்க்கரை நோய் என்றால் கோடு போட்ட இனிப்பு, விரல் நுனியில் ரத்தத் துளி, சொட்டு நிற்கும் ஊசி, இவைதான் மாறி மாறி வரும். ஒரு அட்டையில் ரத்தத் துளிக்கு மட்டும் ஸ்பாட் யூவி, அதாவது அந்த இடத்துக்கு மட்டும் பளபளப்புப் பூச்சு, கேட்டிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் மினுக்கம் இல்லாத மேட் லேமினேஷன். துளி மட்டும் பளபளவென்று, விரல் வைத்தால் ஈரம் மாதிரியே வழுக்கியது. வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் தினமும் விரலைக் குத்திக்கொள்ளும் ஒரு பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது. ஊசிப் படங்களும் அப்படித்தான். இன்சுலின் பேனாவில் 4 மில்லிமீட்டர் ஊசியெல்லாம் வந்துவிட்டது. அட்டையில் இன்னும் மாட்டுக்குப் போடுகிற ஊசி மாதிரி வரைகிறார்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு டைப் 1. அது இனிப்பு தின்று வருகிற நோய் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அப்புறம் ஆயுசு முழுக்க வெளியிலிருந்து இன்சுலின் போட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொரு வகையான டைப் 2-க்கும் பரம்பரை, வயது, உடல் எடை என்று பல காரணங்கள் உண்டு. அந்த லட்டுப் படமோ, "தின்னேல்ல, அனுபவி" என்கிறது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் என் மனைவியிடம் கேட்பதும் அதே கேள்விதான்: "சின்ன வயசுல ஸ்வீட் நிறைய குடுத்தீங்களோ?" அவள் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். உடனே 15 கிராம் குளுக்கோஸ், இல்லாவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் இனிப்புதான் மருந்து. போன வருடம் வகுப்பில் என் மகள் நடுங்கும் கையோடு மிட்டாயைப் பிரித்தபோது, புதிதாக வந்த ஆசிரியை ஒருவர், "சுகர் இருக்கிற பிள்ளை மிட்டாய் சாப்பிடலாமா?" என்று பிடுங்கி வைத்துவிட்டார். அக்கறையில் செய்ததுதான். பக்கத்தில் இருந்த தோழி எழுந்து விஷயத்தைச் சொன்னதால் தப்பித்தோம். அவர் புத்தகம் எதையும் படித்து அப்படிச் செய்யவில்லை. இந்த மாதிரிப் படங்களை எங்கே திரும்பினாலும் பார்த்துப் பார்த்து மனசில் பதிந்துபோன எண்ணம் அது.

சரி, வேறு எதைப் போடுவது? நவம்பர் 14-ஐ உலக நீரிழிவு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2006-ல் ஏற்றுக்கொண்டது. அதற்கான இயக்கத்தில் பிறந்தது நீல வட்டச் சின்னம். வானத்தின் நீலம், ஐ.நா. கொடியின் நீலம். யாரையும் குற்றம் சொல்லாத சின்னம், எனக்குப் பிடிக்கும். ஆனால் வெறும் வட்டத்தைப் பார்த்து நம் ஊரில் யார் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள் என்று பதிப்பாளர் கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது.

நான் வரைபவனாக இருந்தால் மண்பானையைப் போடுவேன். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் இன்சுலின் குப்பி, மேலே நனைத்த துணி. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இப்படித்தான் இன்சுலினைச் சூட்டிலிருந்து காப்பாற்றுகிறார்கள். ஃபிரிட்ஜ் வாங்கும் வரை எங்கள் வீட்டிலும் இதுதான். கத்திரி வெயிலில், பள்ளிக்கூடப் பை தூக்கும் முன்னால் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் மகளின் வேலை. நீர் கசிந்த இடத்தில் பானையின் செம்மண் நிறம் கருத்துத் தெரியும். நான்கு கலரில் அது அருமையாக அச்சாகும்.

ஒரு வேண்டுகோள். நவம்பர் 14 இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங்கின் பிறந்தநாள். நம் நாட்டில் அன்றைக்கே குழந்தைகள் தினமும் வருகிறது. அந்த நாளுக்குச் சிறப்புப் பக்கம் தயாரிக்கும்போது, படம் தேர்வு செய்கிறவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். எங்கள் பானை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அச்சகத் தொழிலாளி ஒருவர்,
சிவகாசி.