‘பாசிட்டிவ்’ என்றால் நல்லதா?

ஆசிரியருக்கு,

பருவநிலை விஞ்ஞானிகள் சொல்வது மக்களிடம் போய்ச் சேராததற்கு நம் அலட்சியம் மட்டும் காரணமில்லை. அவர்கள் பேசும் மொழியும்தான். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கையில் ‘நிகழக்கூடும்’ என்றால் குறைந்தது 66 சதவீத வாய்ப்பு, அதற்கு முன்னால் ‘மிகவும்’ சேர்ந்தால் 90. எழுதியவர்களுக்கு இது தெரியும். படிக்கிற நாமோ ‘நடக்கலாம், நடக்காமலும் போகலாம்’ என்று எடுத்துக்கொள்கிறோம்.

‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’ இன்னும் மோசம். கடல்பனி உருகினால் கடல்நீர் கூடுதல் வெப்பத்தை உறிஞ்சும், அதனால் மேலும் பனி உருகும் என்பதற்குத்தான் இந்தப் பெயர். கேட்டால் ஏதோ நல்ல செய்தி போல இருக்கிறது!

அப்புறம், உலகின் சராசரி வெப்ப உயர்வு தாண்டக் கூடாது என்று சொல்லும் அந்த 1.5 டிகிரி. காலைக்கும் மதியத்துக்கும் இடையிலேயே 10 டிகிரி மாறுவதைப் பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டா? கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில்கூட உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 6 டிகிரிதான் குறைவு. இதையும் சேர்த்துச் சொன்னால், சரி, விஷயம் பெரிதுதான் என்று உறைக்கும்.

2018இல் எட் ஹாக்கின்ஸ் என்ற விஞ்ஞானி, எண்களே இல்லாமல், வெறும் நீல, சிவப்புப் பட்டைகளால் வெப்ப உயர்வைக் காட்டினார். வரைபடம் என்றாலே பக்கத்தைத் திருப்பிவிடும் நான்கூட அதை நின்று பார்த்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்