ரோஜா மணக்கும் அடுக்குக் கேக்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ மறுபடியும் உன் வழக்கமான பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கிவிட்டாய் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. மகளின் பிறந்தநாளுக்குப் பழமும் கிரீமும் வைத்து அடுக்குக் கேக் செய்தாய் என்றும், தொட்டியில் பூத்த ரோஜாவிலிருந்து நீயே எசென்ஸ் இறக்கி அதை மாவில் கலந்தாய் என்றும், வெந்து வந்த கேக்கில் மணம் மருந்துக்கும் இல்லாமல் நிறம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது என்றும் எழுதியிருந்தாய். மணநாளுக்கு மறுபடி செய்யப்போவதால் எங்கே பிசகியது என்று கேட்டிருக்கிறாய். உன் பூவையோ கைப்பக்குவத்தையோ நான் குறை சொல்ல மாட்டேன். மணத்தை மாவில் சேர்த்ததுதான் பிசகு.

பூவின் மணம் என்பது காற்றில் எளிதாகப் பறந்துவிடும் எண்ணெய்களால் ஆனது. சாதாரண அறைச் சூட்டிலேயே நம் மூக்குக்கு எட்டும் அளவுக்கு அவை ஆவியாகின்றன என்றால், 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வேகும் மாவுக்குள் எவ்வளவு மிஞ்சும் என்று நீயே எண்ணிப் பார். வீடு முழுக்க ரோஜா மணக்கிறதே என்று ஓவன் முன்னால் நின்று நீ மகிழ்ந்ததாக எழுதியிருக்கிறாயே, அந்த நேரத்தில்தான் கேக்கிலிருந்து மணம் வெளியேறிக்கொண்டிருந்தது. நிறம் கெட்டதற்குக் காரணம் வேறு. சிவப்பு ரோஜாவின் நிறமிகளான ஆந்தோசயனின்கள் புளிப்பில் பளிச்சென்ற சிவப்பாகவும், காரத்தன்மையில் நீலம் கலந்த சாம்பலாகவும் மாறும் இயல்புடையவை. நீ மாவில் சேர்த்த சோடா உப்பு அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஆகவே இந்த முறை கேக்கை எந்த வாசனையும் இல்லாமல் வேகவைத்து எடு. ரோஜாவை அதற்குப் பிறகு, அடுப்பு வேலையெல்லாம் முடிந்து கேக் முழுவதும் ஆறிய பின், பாகாகவும் கிரீமாகவும் உள்ளே அனுப்பு.

பாகை எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கேக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. உன் தொட்டியில் இருப்பது பன்னீர் ரோஜா என்பதால் வேறு பூவைத் தேட வேண்டியதில்லை. பூச்செண்டுக்காக விற்கப்படும் நீண்ட காம்பு ரோஜாவை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சமையலில் சேர்க்காதே. பூச்சிமருந்து அடித்து வளர்ப்பது ஒருபுறம் இருக்க, நெடுநாள் வாடாமல் இருப்பதற்காகவே உருவாக்கிய அந்த வகைகளில் பலவற்றுக்கு மணமே கிடையாது. காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறுவதற்கு முன் பூவைப் பறித்துவிடு. நேரம் ஆக ஆக மணம் குறைந்துகொண்டே போகும். இதழ்களை உதிர்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கத்தரித்துவிட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் அந்த வெள்ளை நுனி கசக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வழியில்லை.

50 கிராம் இதழுக்கு 250 கிராம் சர்க்கரையும் 250 மில்லி தண்ணீரும் போதும். சர்க்கரையில் ஒரு பிடியை முதலில் இதழ்களோடு சேர்த்து, விரல்களால் அழுத்திப் பிசைந்துகொள். சர்க்கரையின் கூரிய மணிகள் இதழைக் கீறிக் கீறி உள்ளிருக்கும் சாற்றை வெளியே இழுக்கும்; சிறிது நேரத்தில் இதழ்கள் துவண்டு, கையில் ஒட்டும் கருஞ்சிவப்பு விழுதாகிவிடும். மீதிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடு. கம்பிப் பதம் வரக் கூடாது, ஏனென்றால் கெட்டிப்பாகு கேக்குக்குள் இறங்காமல் மேலேயே பிசுபிசுவென்று நின்றுவிடும். கொதிப்பு அடங்கி, பாத்திரத்தைத் தொட்டால் சுடும், ஆனால் ஆவி பறக்காது என்ற நிலைக்கு வந்த பிறகே விழுதை அதில் சேர்க்க வேண்டும். அப்போது பாகின் நிறம் அழுக்கு ஊதாவாக இருக்கும். பயப்படாதே. ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கலக்கினால், சாறு விழுந்த இடத்திலிருந்து இளஞ்சிவப்பு கிளம்பி, கண்ணெதிரே பாத்திரம் முழுவதும் பரவிவிடும். இத்தனை வருடமாகச் செய்தும் அந்த நொடியைப் பார்க்க நான் யாரையாவது அடுப்படிக்குக் கூப்பிடாமல் இருப்பதில்லை.

பிறகு இறுக்கமாக மூடி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழிந்து, சுத்தமான கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக்கொள். மணம் போதவில்லை என்று தோன்றினால் பாகைக் கொதிக்க வைத்துச் சுண்டச் செய்யாதே, இருக்கும் மணமும் போய்விடும். அதே பாகை வெதுவெதுப்பாக்கி, புதிய இதழ்களைப் போட்டு இன்னோர் இரவு ஊறவிடு. குளிரில் வைத்தால் இரண்டு வாரம் கெடாமல் இருக்கும்.

கடையில் விற்கும் எசென்ஸ் போதாதா என்று உன் மருமகன் கேட்டதாக எழுதியிருந்தாய். ரோஜா எண்ணெயில் முன்னூறுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் கலந்திருக்கின்றன. செயற்கை எசென்ஸில் அவற்றில் ஒரு சிலவே இருக்கும், அவையே சோப்பிலும் தைலத்திலும் இருப்பதால் வாயில் வைத்ததும் நமக்குக் குளியலறை நினைவு வந்துவிடுகிறது. ஆனால் வீட்டுப் பாகும் அளவு மீறினால் சோப்பு போலத்தான் இருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடு. ஒரு சிட்டிகை உப்பும் பழத்தின் புளிப்பும் அதைக் கட்டுப்படுத்தும்.

பூமணக் கேக் என்பது புதுப் பழக்கம் என்று உன் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், வெனிலாப் பூவைக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் வெனிலா உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னால் ஐரோப்பியச் சமையல் ஏடுகளில் கேக்குக்கு மணம் என்றால் அது பெரும்பாலும் பன்னீர்தான். அதை மாவிலும் ஊற்றினார்கள், வெந்த கேக்கின் மேல் தடவும் சர்க்கரைப் பூச்சிலும் சேர்த்தார்கள்; உண்பவர் மூக்குக்கு எட்டியது பூச்சில் சேர்த்த பன்னீராகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இனி கேக். பாகை உறிஞ்ச வேண்டும் என்பதால் வெண்ணெய் மிகுந்த கனமான கேக் இதற்கு ஒத்துவராது. ஸ்பாஞ்ச் கேக்தான் சரி. 20 சென்டிமீட்டர் டின் ஒன்றுக்கு நான்கு முட்டை, 120 கிராம் சர்க்கரை, 120 கிராம் மைதா, 30 கிராம் உருக்கிய வெண்ணெய். முட்டையையும் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் வரை கலக்கிவிட்டு இறக்கி, பீட்டரால் நன்றாக அடி. கலவை வெளிறி, மும்மடங்காக உப்பி, கரண்டியைத் தூக்கினால் நாடாவைப் போல மடிந்து விழுந்து சில நொடிகள் அப்படியே மேலே தெரிய வேண்டும். அந்தப் பதம் வந்துவிட்டால் சோடா உப்பும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். அடித்து ஏற்றிய காற்றே கேக்கை எழுப்பிவிடும். மைதாவைச் சலித்துச் சலித்துத் தூவி, அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்து, கடைசியில் வெண்ணெயைச் சேர்த்து, தாமதிக்காமல் ஓவனில் வைத்துவிடு. 175 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் ஆகும். உன் மணிக்கட்டு வலியைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, கையால் அடிக்கும் வீரமெல்லாம் இந்த வயதில் நமக்கு வேண்டாம், மின்சார பீட்டரே போதும்.

கேக்கை அன்றே அறுக்காதே. ஒரு நாள் வைத்திருந்தால் உதிராமல் அறுபடும், பாகையும் கூடுதலாகக் குடிக்கும். கத்தியால் நேராக அறுக்க வரவில்லை என்றால், பக்கவாட்டில் சுற்றிலும் லேசாகக் கீறி, அந்தக் கீறலில் உறுதியான நூலைச் சுற்றி, இரு முனைகளையும் குறுக்காக இழு. மேசை போலத் தட்டையான அடுக்கு வந்துவிடும். மூன்று அடுக்கு கிடைக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் சுமார் மூன்று மேசைக்கரண்டிப் பாகு, பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தடவ வேண்டும், ஏனென்றால் ஓரந்தான் முதலில் காய்ந்துபோகும் இடம்.

கிரீமில் குறைந்தது 35 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். கிரீம், கிண்ணம், பீட்டரின் கம்பிகள் எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். 400 மில்லி கிரீமுக்கு 100 கிராம் மஸ்கார்போனே சீஸ் சேர்த்து அடித்தால் பழத்தின் பாரத்தைத் தாங்கி நிற்கும். இனிப்புக்குத் தனியாகச் சர்க்கரை போடாமல் மூன்று மேசைக்கரண்டி ரோஜாப் பாகையே விட்டுக்கொள்.

பழத்தைப் பற்றி உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வரப்போகிறது. நீ அன்னாசி வேண்டும் என்கிறாய். பச்சை அன்னாசியில் இருக்கும் புரோமலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைத்துவிடும். ஜெலட்டின் சேர்த்தால் அது உறையாது, கிரீமில் கலந்தால் சிறிது நேரத்தில் கசப்புத் தட்டும். கிவியிலும் பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் இதே போன்ற நொதிகள் உண்டு. வேகவைத்த அன்னாசியோ டின்னில் வரும் அன்னாசியோ என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் முரட்டு மணத்துக்கு முன் ரோஜா வாய் திறக்காது. என் யோசனை லிச்சியும் ராஸ்பெர்ரியும். ரோஜாவின் மணத்தில் பங்கு வகிக்கும் ரோஸ் ஆக்ஸைடு என்ற அதே பொருள் லிச்சியிலும் இருப்பதால், லிச்சியைக் கடிக்கும்போது ரோஜா இன்னும் ஒரு படி கூடியது போலத் தோன்றும்; ராஸ்பெர்ரி தன் புளிப்பால் அந்த இனிப்பைத் திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி கிடைக்காவிட்டால் ஸ்ட்ராபெர்ரியே போதும். லிச்சியைக் கொட்டை நீக்கி, துண்டு துண்டாக்கி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். எந்தப் பழத்தின் மேலும் சர்க்கரையைத் தூவி அப்படியே அடுக்குக்குள் வைக்காதே, சாறு விட்டுக் கிரீமையும் கேக்கையும் குழைத்துவிடும்.

அடுக்கி முடித்த பின் நான்கு ஐந்து மணி நேரம் குளிரட்டும். ஆனால் பரிமாறுவதற்கு அரை மணி முன்னதாக வெளியே எடுத்து வைத்துவிடு, குளிரில் மணம் அமுங்கிக் கிடக்கும். பாடுபட்டு இறக்கிய பாகு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பாதி ரோஜா, பாதி மல்லிகை போடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். ஒரு கேக்குக்கு ஒரு பூ போதும் என்பேன். மல்லிகைக்கு வழியும் வேறு. அது மாலையில் மலர்ந்து இரவில் மணப்பது; பறித்த பின்னும் பல மணி நேரம் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், சூடு காட்டினால் அதன் மென்மை கெட்டுவிடும். அதனால் அதைப் பாகில் போடாமல், மருந்து அடிக்காத மொட்டுகளைச் சாயங்காலம் பறித்துக் குளிர்ந்த கிரீமிலேயே இரவெல்லாம் மூழ்கவிட்டு, காலையில் வடிகட்டி அடித்துக்கொள்ளலாம். கொழுப்பு மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை வேறொரு நாள், பீச் பழத்தோடு செய்து பார்.

இங்கே எல்லோரும் நலம். பேத்தி வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதால், பெரிய கேக் செய்தால் தின்று தீர்க்க ஆள் இல்லை. நான் இப்போது 15 சென்டிமீட்டர் டின்னுக்கு இரண்டு முட்டை என்று குறைத்துக்கொண்டுவிட்டேன். உன் வீட்டில் மணநாளுக்கு எத்தனை பேர் என்று எழுது, அதற்குத் தகுந்த டின் அளவைக் கணக்கிட்டு அனுப்புகிறேன். பாகை மட்டும் இந்த வாரமே ஒரு முறை செய்து, சிறிய கேக் துண்டில் தடவிச் சுவைத்துப் பார்த்து, எலுமிச்சை கூடுதலாக வேண்டுமா என்று முடிவு செய்துகொள்.

என்றும் அன்புடன்,
உன் தோழி