ஐபிவி6 இணைப்பு வழங்காதது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி

ஐயா / அம்மா,

வணக்கம். நான் உங்கள் ஃபைபர் இணைப்பின் வாடிக்கையாளர். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் இணைய முகவரியில்தான்: பழைய ஐபிவி4 முறையில் மட்டும் தருகிறீர்கள், முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய ஐபிவி6 முறையில் தருவதில்லை.

என் ரவுட்டருக்கு நீங்கள் தந்திருக்கும் ஐபி முகவரி 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரையிலான அந்தத் தொகுதி, ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோடுவதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டது. அதாவது எனக்கென்று சொந்த முகவரி கிடையாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், அதற்குக் கீழே ஐபிவி6 என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது.

விளைவு? வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகத் திறக்க வழியில்லை. அதே முகவரியைப் பங்குபோடும் பங்காளிகளில் யாரோ ஸ்பேம் அனுப்பினால், இணையதளங்கள் அந்த முகவரியையே சந்தேகிக்கின்றன; நான் மனிதன்தான் என்று போக்குவரத்து விளக்குப் படங்களைத் தட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐபிவி6 மட்டும் உள்ள சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மொபைல் டேட்டாவில் திறக்கிறது, உங்கள் ஃபைபரில் திறப்பதில்லை.

வாடிக்கையாளர் சேவையில் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். (எந்த நோய்க்கும் அதே மாத்திரை.) அடுத்து, “ஐபிவி6 யாரும் கேட்பதில்லை சார்” என்றார்கள். கேட்க மாட்டார்கள்தான். கேம் சேரவில்லை, கேமரா வரவில்லை என்றுதான் மக்கள் கேட்பார்கள். அதற்கு எந்த நெறிமுறை வேண்டும் என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. கடைசியில், மாதக் கட்டணம் தனியாகக் கட்டி ஸ்டாட்டிக் ஐபி (எனக்கென்றே ஒரு மாறாத ஐபிவி4 முகவரி) வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஐபிவி4இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகளவில் அவற்றைப் பகிர்ந்தளிக்கும் ஐயானாவின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அது உங்கள் குற்றமில்லை. ஆனால் 2012 ஜூன் 6 அன்றே பெரிய இணையதளங்களும் பல இணைய நிறுவனங்களும் ஐபிவி6ஐ நிரந்தரமாக இயக்கத் தொடங்கிவிட்டன. அதைத் தராமல் வைத்துக்கொண்டு, பற்றாக்குறைக்கு என்னிடம் தனிக் கட்டணம் கேட்பது எந்த நியாயம்?

ஐபிவி4ஐ நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே தாருங்கள். ஐபிவி6இல் ஒரே ஒரு /64 (ஒரு நெட்வொர்க்குக்கான முகவரித் தொகுதி) கொடுத்துக் கணக்கை முடித்துவிடவும் வேண்டாம். கேமராவுக்கு ஒன்று, விருந்தினர் வைஃபைக்கு ஒன்று என்று நெட்வொர்க்கைப் பிரிக்க அது போதாது; பல நெட்வொர்க்குகளாகப் பிரிக்கக்கூடிய பெரிய தொகுதியான /56 வேண்டும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் ரவுட்டரில் இயல்பாகவே இயங்க வேண்டும்.

எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தேவை. தர இயலாதென்றால், அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்து, மீதமுள்ள முன்பணத்தைத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்