இடைவெளி யாருடைய பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் செயலிகளின் நிறம், வேகம், வசதிகள் ஆகியவை விரிவாக அலசப்படுகின்றன. திரையில் ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் நடுவே விடப்படும் வெற்றிடத்தைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. பல ஆண்டுகளாக இடைமுக நிரல் எழுதி வருபவன் என்ற முறையில், எங்கள் நேரத்தைப் பெரிதும் விழுங்குவது அந்த வெற்றிடமே என்று சொல்லத் துணிகிறேன்.

ஓர் உள்நுழைவுப் படிவத்தில் பெயர்ப் பெட்டிக்குக் கீழே 20 பிக்சல், அதையடுத்த கடவுச்சொல் பெட்டிக்கு மேலே 30 பிக்சல் என மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) கொடுத்திருப்பதாகக் கொள்வோம். கூட்டினால் 50 என்றுதான் எவரும் கணக்கிடுவர். ஆனால் வலைப்பக்கத் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சி.எஸ்.எஸ். விதிப்படி, சாதாரண அடுக்கில் இவ்விரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி 30 பிக்சலே எஞ்சும். அதே பெட்டிகளை ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்னும் மற்றொரு அடுக்குமுறைக்குள் செங்குத்தாக அடுக்கினால் 50 ஆகிவிடும். காரணம் புரியாத புதியவர் 17 என்றும் கழித்தல் 3 என்றும் எண்களைப் போட்டு ஒட்டுப்போடத் தொடங்குவது இங்கேதான். நானும் அப்படி ஒட்டியவன்தான்.

இடைவெளியை ஒவ்வொரு பொருளும் தனித்தனியே சுமக்காமல், அவற்றை அடுக்கிவைத்திருக்கும் கண்டெய்னரே ஏற்றுக்கொண்டால் இக்குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். செயலிகளின் திரையமைப்பை உருவாக்க உதவும் கியூட்டி, ஜிடிகே போன்ற கருவித்தொகுப்புகளில் இவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வலைப்பக்கங்களில்தான் தாமதம்: பொருள்களுக்கு இடையிலான இடைவெளியைக் கண்டெய்னரிலேயே குறிக்க உதவும் ‘கேப்’ பண்பு, ஃபிளெக்ஸ்பாக்ஸுக்குச் சஃபாரி உட்பட முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைத்தது 2021இல்தான். இப்போது ஒரே வரியில் முடிகிற வேலை அது. இடையில் ஒரு பொருளை முற்றிலும் நீக்கினாலும் அதற்குரிய இடைவெளி அநாதையாக நிற்பதில்லை. அளவுகளையும் 4, 8, 16, 24, 32 என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டால், 14ஆ 15ஆ என்ற வாக்குவாதத்துக்கே இடமிராது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. ‘ஓகே’ என்ற சொல்லை அளந்து அகலம் குறித்த பட்டனில் ‘உறுதிப்படுத்துக’ பாதியில் வெட்டுப்படுகிறது. உயரத்தையும் இறுக்கிப் பிடித்தால் ‘ணீ’யின் மேற்சுழியும் ‘கு’வின் கீழ்வளைவும் சிதைகின்றன. அகலத்தையும் உயரத்தையும் எண்ணால் பூட்டாமல், சுற்றிலும் போதிய பேடிங் (எழுத்துக்கும் பட்டனின் விளிம்புக்கும் இடையிலான வெற்றிடம்) விட்டு, பட்டனின் அளவை உள்ளிருக்கும் எழுத்தே முடிவு செய்யுமாறு விடுவதே முறை.

எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ இழக்கப்படக் கூடாது என்பது வலை அணுகல்தன்மை நெறிமுறைகளில் ஒன்று. செயலிகளை மதிப்பிடும் தங்கள் கட்டுரையாளர்கள், மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவைக் கூட்டி, ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையிலுள்ள ஒரு வாசகர்